கடலடி வீடும் கூடுதல் கணிதமும்

அக்கா, போன சனிக்கிழமை தம்பியை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு சுங்கை சிப்புட் டவுனுக்கு வந்து, "கடலுக்கு அடியில் குடியிருக்கப் போகிறானாம், நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றீர்கள். அன்று வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அதனால் இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

வாளித் தண்ணீரில் மைலோ குவளையைக் கவிழ்த்து அமுக்கிக் காட்டினானே, உள்ளே திணித்திருந்த டிசு நனையவே இல்லை. நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா பக்கம் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அக்குவேரியஸ் ஆய்வுக்கூடத்துக்கும் அதே சூத்திரம்தான். வெளியே தண்ணீர் அழுத்துகிற அளவுக்கு உள்ளே காற்றும் அழுத்துவதால், கீழ்வாசல் திறந்தே கிடந்தாலும் கடல் உள்ளே ஏறாது. நாசா 2001 முதல் விண்வெளி வீரர்களை அங்கே தங்கவைத்துப் பழக்கியிருக்கிறது.

மூழ்கிவிடுவானோ என்பது உங்கள் பயம். நிஜமான தொல்லை மேலே வருவதில் இருக்கிறது. பத்து மீட்டர் இறங்கினால் இன்னொரு மடங்கு காற்றழுத்தம் நம்மேல் ஏறும். அதிலேயே நாள்கணக்கில் மூச்சுவிட்டால் நைட்ரஜன் உடம்பெல்லாம் கரைந்துவிடும். அவசரப்பட்டு மேலே வந்தால், கேஸ் தண்ணீர் போத்தலைத் திறந்த மாதிரி உள்ளே குமிழி கிளம்பும். கை கால் முடங்கலாம், உயிரும் போகலாம். அக்குவேரியஸில் தங்கியவர்கள் சுமார் 17 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைத்த பிறகே வெளியே வருவார்கள். பல்வலி வந்தால்கூட உடனே கிளினிக்குக்கு ஓட முடியாது.

இந்த வம்பே வேண்டாம் என்று, உள்ளே தரையில் உள்ள அழுத்தத்தையே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ரூடிகர் கோச் என்ற ஜெர்மன் பொறியாளர் பனாமா கடலில் 11 மீட்டர் ஆழத்தில் அப்படி 120 நாள் இருந்துவிட்டு 2025 ஜனவரியில் வெளியே வந்தார். ஆழம் கூடக்கூடச் சுவர் தாங்க வேண்டும், அதுதான் செலவு. பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோ 1962இல் பிரான்ஸின் மார்செய் அருகே கடலடியில் இரண்டு பேரை ஒரு வாரம் தங்கவைத்தார். அறுபது வருஷம் தாண்டியும், குடும்பத்தோடு குடியேற ஓர் ஊர் வரவில்லை. காற்றும் சோறும் மேலிருந்துதானே போகிறது!

அதனால் தம்பி குடியிருப்பதை அப்புறம் பார்க்கட்டும்; முதலில் அந்தக் குவளையைக் கட்டுகிற ஆளாகட்டும். எண்ணெய் மேடை, கடலடிக் குழாய், கப்பல் என்று அதற்கு வேலை இருக்கிறது. லூமுட்டில் யூனிகேஎல் என்கிற கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் கடல்சார் பொறியியல் வளாகம், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம், இரண்டும் நம் பேராக் மாநிலத்தில்தான். கட்டணம் கடிக்கும், கடனுதவி பார்க்க வேண்டும். மீன், பவளம் பக்கம் மனசு போனால் மலேசியா திரெங்கானு பல்கலைக்கழகம். அரசாங்கத்துடையது, கை அவ்வளவு சுடாது. முக்குளிக்கும் வேலையை மட்டும் நான் சொல்லமாட்டேன். காதில் ஒரு கோளாறு வந்தால் பிழைப்பே போய்விடும்.

எதற்குப் போனாலும் இயற்பியலும் கூடுதல் கணிதமும் வேண்டும். அவன் ரிப்போர்ட்டில் ஒன்று சி, மற்றது டி. படிவம் நான்குதான், படிவம் ஐந்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. டியூஷனை இந்த மாதமே தொடங்குங்கள். இன்னொன்று, நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். ஈப்போவில் நீச்சல் குளத்தில் சேர்த்துவிடுங்கள், தோட்டத்துக் கால்வாயில் வேண்டாம்.