ராவ்4 ஹைப்ரிட்டில் கேம்பிங் டிரெய்லர்: ‘எடை 1,520 பவுண்ட்தான்’ என்றால் நம்பலாமா?

கனடாவின் ஸ்காபரோவில் இருந்து வாசகர் ஒருவரின் கேள்வி: “எங்களிடம் 2021 டொயோட்டா ராவ்4 ஹைப்ரிட் இருக்கிறது. இழுவைத் திறன் 1,750 பவுண்ட். பிள்ளைகளோடு அல்கோன்குவின் பூங்காவுக்குப் போக ஒரு பழைய கேம்பிங் டிரெய்லர் பார்த்து வைத்திருக்கிறோம். எடை 1,520 பவுண்ட்தானாம். 3,500 பவுண்ட் தாங்கும் ஹிட்ச் (டிரெய்லரைக் காரில் மாட்டும் இணைப்பு) பூட்டித் தருகிறேன், கவலை வேண்டாம் என்கிறார் விற்பவர். இங்கிலாந்தில், லண்டனில் என் மச்சான் இதே வண்டியில் இதைவிடப் பெரியதை இழுக்கிறார். வாங்கலாமா?”

வேண்டாம்.

1,520 என்பது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்றைய வெறும் எடை. பேட்டரியும் காஸும் பெரும்பாலும் அதில் சேராது. பேட்டரிக்கு 50 பவுண்ட் வையுங்கள், நிறைந்த சின்ன காஸ் சிலிண்டருக்கு 37. தண்ணீர்த் தொட்டி 75 லிட்டர் என்றால் 165. கூட்டினால் 1,772. இன்னும் ஒரு கரண்டிகூட ஏற்றவில்லை! அரிசி, ஐஸ் பெட்டி, மடக்குக் கதிரை, பார்பிக்யூ அடுப்பு இல்லாமல் நம் ஆட்கள் எங்கே கேம்பிங் போயிருக்கிறார்கள்?

விற்பவர்கள் வெறும் எடையைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது டிரெய்லரின் இடது முன்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை. அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். முழுச் சுமையோடு அந்த டிரெய்லர் போகக்கூடிய உச்ச எடை அது. அந்த எண் 1,750-க்குள் இருந்தால் மேலே பேசலாம்.

அடுத்து அந்த ஹிட்ச். எனக்கு எரிச்சல் வருவதே இங்கேதான். ஹிட்ச் ஓர் இரும்புத் துண்டு. 3,500 பவுண்டுக்கு அது முறியாது, அவ்வளவுதான். உங்கள் காரின் பிரேக்கும் குளிர்விக்கும் ஏற்பாடும் தாங்குமா என்று அதைச் செய்தவர் சொல்லவே இல்லை. நுகத்தடியைத் தேக்கில் செய்தால் மாட்டுக்குப் பலம் கூடிவிடுமா? பின் ஸ்பிரிங்கில் காற்றுப் பை வைத்தால் திறன் கூடும் என்று இன்னொருவர் வருவார். கூடாது. பின்பக்கம் தாழ்வது கண்ணுக்கு மறையும், சுமை அப்படியே இருக்கும்.

சரி, மச்சான் விஷயம். அவர் பொய் சொல்லவில்லை. ஐரோப்பாவில் விற்ற இதே தலைமுறை நான்கு சக்கர இயக்க ராவ்4 ஹைப்ரிட்டுக்கு 1,650 கிலோ வரை அனுமதி உண்டு, டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால். நம் 1,750 பவுண்ட் வெறும் 794 கிலோ. ஒரே பெயர், பாதிக்கும் குறைவான எண். ஏன்? அங்கே டிரெய்லரின் மூக்கு காரை அழுத்தும் எடையை 5 முதல் 7 சதவீதத்துக்குள் வைப்பார்கள். மூக்கு லேசாக இருந்தால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டும். அதனால் வேகத்துக்கும் கட்டுப்பாடு: பிரிட்டனில் டிரெய்லரோடு மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல்தான். இங்கே 10 முதல் 15 சதவீதம் மூக்கில் விழ வேண்டும் என்று கணக்கு. 400ஆம் நெடுஞ்சாலையில் நாம் போகும் வேகம் உங்களுக்கே தெரியும். மச்சான் மெதுவாகப் போகிறாரே, நானும் போகிறேன் என்று கிளம்ப வேண்டாம். உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பது கனடா எண். வாரண்டி தகராறு வந்தாலும் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இங்கேயே 2021 பெட்ரோல் ராவ்4-இன் ‘டிரெயில்’ (Trail) ரகத்துக்கு 3,500 பவுண்ட், சாதாரண பெட்ரோல் ராவ்4-க்கு 1,500. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள்.

ஒன்டாரியோ சட்டத்தில் 1,360 கிலோவைத் தொடும் டிரெய்லருக்குத்தான் பிரேக் கட்டாயம். ஆனால் பல கார் கையேடுகள் 1,000 பவுண்டிலேயே பிரேக் கேட்கின்றன. சாதாரண ஜி கார் லைசென்ஸில் 4,600 கிலோ வரை இழுக்கலாம். டிரெய்லரைப் பின்னால் எடுத்துக் காட்டு என்று தேர்வில் யாரும் கேட்பதில்லை. நம்பர் பிளேட் வாங்கி மாட்டினால் சாலைக்கு வந்துவிடலாம். இதற்குப் பெயர் பாதுகாப்பு விதியாம்.

டிரைவர் பக்கக் கதவு நிலையில் இருக்கும் ஸ்டிக்கரையும் பாருங்கள். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோ வரலாம் என்று அதில் இருக்கும். டிரெய்லரின் மூக்கு எடை அந்தக் கணக்கில்தான் கழியும். அப்பம்மாவையும் கூட்டிப் போவதாக இருந்தால் நிச்சயம் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

ஜி.வி.டபிள்யூ.ஆர். 1,500 பவுண்டுக்குள் உள்ள, சொந்த பிரேக் உள்ள மடக்குக் கூடார டிரெய்லர் அல்லது கண்ணீர்த்துளி வடிவச் சின்ன டிரெய்லர் தேடுங்கள். காசு கொடுக்கும் முன், டிரக் ஸ்டாப் எடை மேடையில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் சாக்குச் சொன்னால் அடுத்த டிரெய்லரைப் பார்க்கப் போய்விடுங்கள்.