எம்.பி.க்கு மெயில் போட்டால் என்ன நடக்கும்? கேள்வி பதில்

எம்.பி.யின் மெயில் முகவரி எங்கே கிடைக்கும்?
நாடாளுமன்றத்தின் சன்சத் டாட் இன் (sansad.in) தளத்தில், மக்களவை உறுப்பினர்கள் பட்டியலில். அவர் அவையில் கேட்ட கேள்விகளும் அங்கேயே இருக்கும். எழுதும் முன் படியுங்கள். மெயிலில் தொகுதியும் பின்கோடும் கட்டாயம்.

யார் படிக்கப் போகிறார்கள்?
பெரும்பாலும் உதவியாளர். அவர் அப்படியே எடுத்துக் கேள்வியாக்கும்படி எழுத வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார். எழுத்தில் மட்டும் பதில் வருபவை 230. எம்.பி. குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். அதனால் கூட்டத்தொடர் தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

எங்கள் ஊரில் ஒரு ரயிலின் நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். முதலில் இரண்டு பக்கம் புலம்பி எழுதினேன், பதிலே இல்லை. அப்புறம் மூன்றே வரி: எந்தத் தேதியில் நீக்கினீர்கள், காரணம் என்ன, மீண்டும் தரும் திட்டம் உண்டா? அது எழுத்துக் கேள்வியாகப் போனது. ரயில் இன்னும் நிற்கவில்லை. ஆனால் காரணத்தை அமைச்சகமே எழுத்தில் சொல்லிவிட்டது. அதை வைத்துத்தான் அடுத்த மனு எழுதுகிறோம்.

தெருவிளக்கு எரியவில்லை, எம்.பி.க்கு எழுதலாமா?
வார்டு கவுன்சிலரிடம் போங்கள்.

இணையத்தில் 1 லட்சம் கையெழுத்து சேர்ந்தால் நாடாளுமன்றம் விவாதித்தே ஆக வேண்டுமாமே?
நீங்கள் சொல்வது பிரிட்டன் முறை. அங்கே நாடாளுமன்றத்தின் மனுத் தளத்தில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தரும். 1 லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். கட்டாயம் அங்கேயும் இல்லை. நம் மக்களவையில் இந்தக் கணக்கே கிடையாது. உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட்டு மனுவை அவையில் அளிக்கலாம். மனுக்கள் குழு அதை ஆராயும்.

அப்படியானால் கையெழுத்து இயக்கமே வீண் என்கிறீர்களா? (மேலே கேட்டவரே)
இல்லை ஐயா. கையெழுத்து மட்டும் போதாது என்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் பிரெக்ஸிட்டைக் கைவிடக் கோரி, 2019-இல் அந்தத் தளத்தில் வந்த மனுவில் 60 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. ஏப்ரல் 1 அன்று விவாதமும் நடந்தது. அரசு அசையவில்லை.

விவாதம் நடந்ததே வெற்றிதானே? (இன்னொருவர்)
பாதி ஒப்புக்கொள்கிறேன். அங்கே அவையே நடத்தும் தளம் என்பதால் அது அவைக்குள் போனது. இங்கே தனியார் தளங்களில் விழும் கையெழுத்துக்கு அந்த வழி இல்லை. அந்த 1 லட்சம் பேரில் நூறு பேர் தங்கள் தொகுதி எம்.பி.க்குச் சொந்த வார்த்தையில் எழுதட்டும். ஒரே மடலை நகலெடுத்து அனுப்ப வேண்டாம்.

மெயில் முகவரி எங்கே கிடைக்கும்?
மறுபடியும் வருகிறது இது. முதல் பதிலைப் பாருங்கள். பின்கோடு எழுத மறக்காதீர்கள்.

எம்.எல்.ஏ.வுக்கும் இதே வழியா?
தமிழ்நாடு சட்டமன்றத்திலும் மனுக்கள் குழு உண்டு. அதற்கும் மூன்று வரி போதும்.