தவழும் குழந்தை உள்ள வீட்டில் தரையை எதைக் கொண்டு துடைப்பது?

கேள்வி: என் எட்டு மாதக் குழந்தை வீடெங்கும் தவழ்கிறான். ஃபினாயில் நெடி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, இருமல் வருகிறது. ஒரு வீடியோவைப் பார்த்து, பிளீச்சிங் பவுடரில் வினிகர் கலந்து துடைத்தேன். கண் எரிந்து மூச்சு அடைத்தது. வீட்டிலேயே பாதுகாப்பாக எதைத் தயாரிக்கலாம்?

பதில்: பிளீச்சிங் பவுடரோடு வினிகரை இனி எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறு, கழிப்பறை கழுவும் ஆசிட் எதுவும் வேண்டாம். அமிலம் பட்டதும் அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். உங்களுக்குக் கண் எரிந்தது அதனால்தான். அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், தரையோரமாகவே தங்கும். தவழும் பிள்ளையின் மூக்கு இருப்பதும் அங்கேதான். உங்களுக்கு இன்னும் மூச்சு வாங்கினாலோ, குழந்தைக்கு இருமலோ இளைப்போ இருந்தாலோ இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, தினமும் எதைப் பயன்படுத்தலாம்? அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். துடைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடையுங்கள். அழுக்கோடு கிருமிகளில் பெரும்பகுதியும் போய்விடும். மாப்பை மட்டும் ஈரத்தோடு மூலையில் சாத்தி வைக்காதீர்கள், அலசி வெயிலில் காயப்போடுங்கள். மறுநாள் வரும் கெட்ட வாடைக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

டைல்ஸில் பிசுக்கு இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் வினிகர் கலக்கலாம். மார்பிள், மொசைக், கடப்பா கல்லில் வேண்டாம், அரித்து மங்கிவிடும். வினிகரில் சமையல் சோடாவைச் சேர்த்தால் நுரைதான் மிச்சம். ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும்.

வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் மட்டும் பிளீச்சிங் பவுடரை எடுங்கள். முதலில் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 3 முதல் 4 கிராம் கலந்து, தெளிந்த நீரை ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் வெறும் தண்ணீரால் துடைக்கலாம். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தை வேறு அறையில் இருக்கட்டும்.

எறும்புக்காகச் சிலர் தண்ணீரில் கற்பூரம் கரைக்கிறார்கள். குழந்தை ஒரு துண்டை விழுங்கினாலே வலிப்பு வரலாம், அதனால் அது வேண்டவே வேண்டாம். மிச்சமான கரைசலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவும் கூடாது. குழந்தை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.