நியூயார்க்கில் வாடகை வீடு: லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) கையெழுத்துப் போடும் முன் கட்டடத்தின் ஜாதகத்தைப் பாருங்கள்

கேள்வி: வேலை மாற்றலில் சென்னையிலிருந்து மனைவி, நான்கு வயது மகளோடு நியூயார்க் வருகிறேன். க்வீன்ஸ் பக்கம் அபார்ட்மெண்ட் தேடுகிறோம். ஒரு கட்டடத்தின் மேல் விதிமீறல் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்:

முடியும். காசு செலவில்லை, சென்னையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். இங்கே வீடு தேடுபவர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நகர வீட்டுவசதித் துறையை இங்கே ஹெச்.பி.டி. என்பார்கள். 'ஹெச்.பி.டி. ஆன்லைன்' பக்கத்தில் கட்டட எண்ணையும் தெருப் பெயரையும் போட்டால் போதும், அந்தக் கட்டடத்தின் ஜாதகம் மொத்தமும் வந்துவிடும். எத்தனை வீடுகள், உரிமையாளர் என்றும் மேனேஜர் என்றும் யார் பெயரில் பதிவு, இன்னும் தீராத விதிமீறல்கள் எவை, உரிமையாளர் மேல் துறை வழக்குப் போட்டிருக்கிறதா, மூட்டைப்பூச்சி பற்றி ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய அறிக்கையில் என்ன சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

முதலில் கண்ணில் படுவது மொத்த எண்ணிக்கைதான். அதை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நூறு வீடுள்ள பழைய கட்டடத்தில் முப்பது விதிமீறல் என்பது சாதாரணம். ஆறே வீடுள்ள கட்டடத்தில் முப்பது என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். எண்ணிக்கையை விட வகை முக்கியம். ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். ஏ என்பது மாடி எண் எழுதிய பலகை இல்லாதது, சின்ன நீர்க்கசிவு போன்றவை. சரிசெய்ய 90 நாள் அவகாசம். பி அபாயமானது, உதாரணமாகப் பொது இடத்தில் போதிய வெளிச்சம் இல்லாதது, 30 நாள். சி என்றால் உடனடி அபாயம். ஹீட்டிங் இல்லை, வெந்நீர் இல்லை, எலி, ஈயம் கலந்த பெயிண்ட், தீ விபத்தில் வெளியேற வழி அடைபட்டிருப்பது எல்லாம் இதில் வரும். பெரும்பாலானவற்றுக்கு 24 மணி நேரம்தான் கெடு. ஈய பெயிண்டுக்கு 21 நாள்.

இனி ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். உதாரணத்துக்கு ஒரு வரியில், எலித் தொல்லையை ஒழிக்கவும், வீட்டு எண் 4சி, நான்காம் மாடி, மேற்குப் பக்கம் வடக்கிலிருந்து முதல் வீடு என்று இருக்கும். கூடவே இன்ஸ்பெக்டர் பார்த்த தேதி, நோட்டீஸ் போன தேதி, இப்போதைய நிலை. உங்களுக்குக் காட்டுவது 5சி என்றால் இந்த வரி உங்களைப் பற்றியதும்தான், ஏனென்றால் குழாய்களும் சுவருக்குள் இருக்கும் சந்துகளும் நேர் மேலே, நேர் கீழே என்றுதான் போகும். 4சி, 5சி என்று ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் வீடுகள் முழுக்க ஈரக்கசிவு பதிவாகியிருந்தால், உங்கள் வீட்டுச் சுவரில் புது பெயிண்ட் பளபளப்பதற்குக் காரணம் புரிந்துவிடும்.

தேதியையும் கவனியுங்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய ஏ வகை விதிமீறல் இன்னும் தீராததாகக் கிடந்தால், வேலையை முடித்துவிட்டு துறைக்குச் சான்று அனுப்பாமல் விட்டிருக்க வாய்ப்பு உண்டு. அது பயப்பட வேண்டியதில்லை. போன குளிர்காலத்தில் வந்த சி வகை இன்னும் தீராமல் இருந்தால் பயப்படுங்கள்.

விதிமீறல் வேறு, புகார் வேறு. குடியிருப்பவர் நகர நிர்வாகத்தின் புகார் எண்ணான 311-க்கு அழைத்துச் சொல்வது புகார். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து உறுதிசெய்தால்தான் அது விதிமீறல். ஹீட்டிங் விஷயத்தில் இந்த வித்தியாசம் பெரிது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் குறைந்தது 68 இருக்க வேண்டும். இரவில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 62. இன்ஸ்பெக்டர் வருவதற்குள் பாய்லரை ஓட விட்டுவிட்டால் விதிமீறல் பதிவாகாது. அதனால் நகரத்தின் 'ஓப்பன் டேட்டா' தளத்தில் அதே முகவரிக்கு வந்த 311 புகார்களையும் தேடுங்கள். என் நண்பர் ஒருவர் முன்பணம் கட்டத் தயாராக இருந்த ஒரு கட்டடத்துக்கு இப்படித் தேடிப் பார்த்தோம். லாபியில் புது டைல்ஸ், புது விளக்கு. விதிமீறல் பட்டியலும் ஓரளவு சுத்தம். புகார்களைத் திறந்தால் ஒவ்வொரு ஜனவரியிலும் "கட்டடம் முழுவதும் ஹீட்டிங் இல்லை" என்று வரிசையாக நின்றது. அவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2022 ஜனவரி 9 அன்று இதே நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் ட்வின் பார்க்ஸ் என்ற அடுக்குமாடியில் தீப்பிடித்து, எட்டுக் குழந்தைகள் உட்பட 17 பேர் இறந்தார்கள். தீ கிளம்பியது ஒரு வீட்டில் இருந்த மின்சார ஹீட்டரிலிருந்து. கட்டடத்தின் ஹீட்டிங் போதாதபோது ஆட்கள் தனியாக வைத்துக்கொள்வது இதைத்தான். தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவுகள் மூடாமல் நின்றதால் புகை மாடிப்படி வழியாக மேலே ஏறியது. பட்டியலில் "கதவு தானாக மூடவில்லை" என்று ஒரு வரி இருந்தால் அற்பம் என்று தள்ளாதீர்கள். வீடு பார்க்கப் போகும்போது வாசல் கதவை முழுசாகத் திறந்து கையை எடுத்துவிடுங்கள். அது தானே வந்து, தாழ்ப்பாள் விழும் சத்தத்தோடு மூட வேண்டும். மாடிப்படிக் கதவையும் அப்படியே பாருங்கள்.

உங்களுக்கு நான்கு வயதுக் குழந்தை இருப்பதால் ஈய பெயிண்ட்தான் முதல் கவலையாக இருக்க வேண்டும். 1960-க்கு முன் கட்டிய கட்டடத்தில், ஆறு வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டை உரிமையாளர் ஆண்டுதோறும் சோதித்து, உரியும் பெயிண்டைப் பாதுகாப்பாகச் சரிசெய்து தர வேண்டும் என்பது 2004-ஆம் ஆண்டின் உள்ளூர்ச் சட்டம் 1. க்வீன்ஸில் அந்தக் காலத்துச் செங்கல் கட்டடங்கள் ஏராளம். லீஸோடு ஒரு படிவம் கொடுத்து, குழந்தை உண்டா என்று கேட்பார்கள். குழந்தை என்றால் வீடு தர மாட்டார்களோ என்று நினைத்து நம் ஆட்களில் சிலர் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குழந்தை இருப்பதால் வீடு மறுப்பது இங்கே சட்டவிரோதம். ஈயம் குழந்தையின் மூளையில் செய்யும் பாதிப்போ திரும்பிச் சரியாவதில்லை. ஜன்னல் சட்டத்தில், ஏற்றி இறக்கும்போது மரம் உரசும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பொடியும் செதிலும் அங்கேதான் சேரும். பத்து வயது வரை குழந்தை உள்ள வீட்டுக்கு ஜன்னல் கம்பித் தடுப்பும் போட்டுத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

வாடகை மலிவாக இருக்கிறதே என்று பேஸ்மெண்டுக்கு ஆசைப்பட்டால், கட்டடத் துறையின் தளத்தில் அந்த முகவரியின் குடியிருப்புச் சான்றிதழைப் (எத்தனை குடும்பம் வசிக்க அனுமதி என்று சொல்வது) பாருங்கள். இரண்டு குடும்பங்களுக்கு அனுமதி என்று இருக்கும் வீட்டில் மேலே இரண்டு குடும்பம், கீழே நீங்கள் என்றால் அது அனுமதியில்லாத வீடு. 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையில் இந்த நகரத்தில் பேஸ்மெண்ட் வீடுகளில் மட்டும் 11 பேர் மூழ்கி இறந்தார்கள், பெரும்பாலும் க்வீன்ஸில்தான். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு எல்.எல்.சி. (ஒருவகை தனியார் கம்பெனி) பெயர் மட்டும் இருப்பது சகஜம். ஜஸ்ட்ஃபிக்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்தும் 'ஹூ ஓன்ஸ் வாட்' தளத்தில் அதே முகவரியைப் போட்டால், அதே ஆட்களோடு தொடர்புள்ள மற்ற கட்டடங்களும் அவற்றின் விதிமீறல்களும் வரும். நீங்கள் பார்க்கும் கட்டடம் சுத்தமாக இருந்து மற்றவை மோசமாக இருந்தால், நாளை இதுவும் அப்படி ஆகலாம்.

பதிவே இல்லாத வீடும் நல்ல வீடு என்று அர்த்தமில்லை. இரண்டு குடும்ப வீடுகளில் பக்கத்திலேயே உரிமையாளர் இருப்பார், அதனால் புகார் செய்யத் தயங்குவார்கள். விசா கவலையில் இருப்பவர்கள் 311-க்கு அழைக்கவே மாட்டார்கள். அங்கே பதிவு எதுவும் சொல்லாது, ஆட்களைத்தான் கேட்க வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து வருகிற நேரத்தில் வாசலில் நின்று, "போன குளிர்காலத்தில் ஹீட்டிங் எப்படி இருந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ப்ரோக்கர் கூட இல்லாதபோது கேளுங்கள். பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசுவார்கள்.

கடைசியாக, நீங்கள் இன்னும் ஊரில் இருப்பதால்: கட்டட எண் தராமல் "ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட் பக்கம்" என்று மட்டும் போடும் விளம்பரங்களுக்கு முன்பணம் அனுப்பவே வேண்டாம். எண்ணைக் கேளுங்கள். பார்த்த பிறகு, தீராத விதிமீறல் உங்கள் வீட்டு எண்ணிலேயே இருந்தால், குடிவரும் தேதிக்குள் சரிசெய்து தருவதாக லீஸோடு எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். முகவரி கிடைத்ததும் இங்கே பொதுவில் போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள். நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.