கடவுளை நம்புகிறவர்கள் வாட்ஸ்அப்பில் வருவதையும் எளிதில் நம்பிவிடுகிறார்களா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விளக்கத்தையும் படித்தேன். பக்தி உள்ள உங்கள் உறவினர்கள் கோயில் அற்புதம் முதல் பிற மதத்தவர் மீதான அவதூறு வரை எதையும் சரிபார்க்காமல் அனுப்புகிறார்கள், கடவுள் நம்பிக்கைதான் இதற்குக் காரணமா, நம்பிக்கை உள்ளவர்கள் ஒரு செய்தியை எப்படி எடை போடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தஞ்சாவூர்க்காரன். பிரதோஷம் தவறாமல் பெரிய கோயிலுக்குப் போகிறவன். அதனால் உங்கள் உறவினர்கள் பக்கம் நின்றுகொண்டுதான் பதில் சொல்ல முடியும். என் பதில்: பக்தி அதிகமானதால் வருகிற கோளாறு இல்லை இது. பக்தி போதாமல் போனதால் வருவது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், எனக்கு 1995 செப்டம்பர் 21 நினைவிருக்கிறது. பன்னிரண்டு வயது. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று வடக்கே கிளம்பிய பேச்சு ஒரே பகலில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. செல்போன் கிடையாது, எஸ்.டி.டி. பூத்தும் வாய்ப்பேச்சும்தான். எங்கள் அப்பாயி ஒரு தம்ளர் பாலும் கரண்டியுமாகத் தெருமுனைப் பிள்ளையார் முன்னால் என்னையும் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். துதிக்கை ஓரமாகக் கரண்டியைச் சாய்த்துப் பிடித்தேன், பால் குறைந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு டெல்லியில் விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து செய்து காட்டினார்கள். பரப்பு இழுவிசை பாலைக் கரண்டியின் விளிம்பிலிருந்து இழுத்துவிடுகிறது, அது மெல்லிய படலமாகச் சிலை மேலேயே வழிந்து இறங்குகிறது, வெள்ளைக் கல்லிலும் ஈரக் கல்லிலும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்றார்கள்.

அப்பாயிக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. பீடத்தடியில் பால் தேங்கியிருந்ததை அன்றைக்கே பார்த்துவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "குடிக்காட்டி என்னடா, நாம படைச்சோம்ல."

அந்த நம்பிக்கைக்கு எந்தச் சாட்சியும் வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு எங்கள் குடும்பக் குழுவில் வருகிற செய்திகளுக்குச் சாட்சி இல்லாமல் இருக்கவே முடியவில்லை. திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றன, நாசா அதிர்ச்சி. (பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் போகிறது. அப்படியே நின்றால் அது கீழே விழ வேண்டியதுதான்.) சிதம்பரம் நடராசரின் கால் பெருவிரல்தான் உலகக் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளி, மேற்கத்திய விஞ்ஞானிகள் எட்டு வருடம் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். என் சாமியின் பெருமைக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று எதிர்பார்க்கிற மனசு இது. அப்பாயிக்கு அந்த மனசு இல்லை.

சிதம்பரம் செய்தியை நானே 2014 வாக்கில் பத்துப் பேருக்காவது அனுப்பியிருக்கிறேன். அதில் ஒரு துண்டு உண்மையும் உண்டு. சிதம்பரம், காஞ்சி, காளஹஸ்தி மூன்றும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பதை வரைபடத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் மீதிப் பொய் ஏறி வருகிறது. காந்த நடுக்கோடு என்பது பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் இடங்களை இணைத்து உலகைச் சுற்றிப் போகும் ஒரு கோடு. கோட்டுக்கு மையப்புள்ளி ஏது? அதுவும் மெல்ல மெல்ல இடம் மாறுகிற கோடு.

இதைத் தேடிப் படிக்கப் போனபோதுதான் தும்பாவின் கதையைச் சரியாகத் தெரிந்துகொண்டேன். காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருக்கிறது என்பதற்காகவே விக்ரம் சாராபாய் திருவனந்தபுரத்தை ஒட்டிய அந்த மீனவர் கிராமத்தை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்தார். அங்கே புனித மரிய மதலேனாள் தேவாலயம் இருந்தது. பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஊர் மக்களிடமே கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு தேவாலயத்தையும் நிலத்தையும் கொடுத்தார். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் போனது. தேவாலயம் முதலில் அலுவலகமாக இருந்தது, இப்போது விண்வெளி அருங்காட்சியகம். நடந்த கதை இது. நான் பரப்பிய பொய்யை விட இது எவ்வளவு மேல் என்று நினைத்து அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்பதைச் சின்ன வயதில் அப்பாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அவருடைய வாத்தியார். அறுபது எழுபது வருடமாக எங்கள் வீட்டில் இது சத்தியம். குழுவில் அந்தச் செய்தி வந்ததும் ஒரு தடவை "இது தப்பு" என்று எழுதிவிட்டேன். பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் பார்க்க அப்பாவைப் பொய்யர் ஆக்கினது மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எத்தனை சரியாக இருந்தாலும் அப்படிச் செய்திருக்கக் கூடாது.

பிறகு ஒரு மார்கழி மாதம், மாலை மூன்றரை மணி வாக்கில் அவரைப் பைக்கில் உட்காரவைத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. பிராகாரத்தில் வடகிழக்கே, அம்மன் சன்னிதிப் பக்கமாக, விமானத்தின், அதாவது கருவறை மேலிருக்கும் அந்தக் கோபுரத்தின், நிழல் நீண்டு கிடந்தது. ஏறத்தாழ 200 அடி உயரக் கற்கட்டடம், நிழல் எங்கே போகும்? அப்பா அதன் விளிம்பிலேயே நடந்து கலசத்தின் நிழல் வரைக்கும் போனார். "விழுதுடா" என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஏன் அப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டார். சூரியன் உச்சிக்கு நேராக வரும் சித்திரையிலும் ஆவணியிலும் நடுப்பகலில் நிழல் அகலமான அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும், அதை யாராவது பார்த்துச் சொல்லியிருக்கலாம், அதுவே எப்போதும் விழாது என்று ஆகியிருக்கும் என்றேன். ஒத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

அன்றைக்கு அவருக்கு அடித்தளத்துக் கல்வெட்டுகளைக் காட்டினேன். இந்தப் பதிலில் நான் சொல்ல வந்ததே இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

'நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்' கல்லிலே வெட்டச் சொல்லியிருக்கிறான் ராஜராஜன். கொடுத்த பொன்னை "ஆடவல்லான்" என்ற எடைக்கல்லால் நிறுத்து, இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி என்று எழுதினார்கள். நகைகளுக்குத் தனி எடைக்கல். ஆடவல்லான் என்றால் நடராசர். எடைக்கல்லுக்கு இறைவன் பெயரையே வைத்துவிட்டால் அதில் யார் கள்ளம் செய்வார்கள்! கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் உண்டு. கோயிலில் ஆடிப் பாடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் உண்டு. அரசன் கொடுத்ததானாலும் நிறுத்துத்தான் எழுதினார்கள். எங்கள் கோயிலில் பக்தி என்பது அப்படி இருந்திருக்கிறது. அதே கோயிலைப் பற்றி நிறுத்துப் பார்க்காத புகழை அனுப்புவது, அதைக் கட்டியவர்களுக்குச் செய்கிற மரியாதையாக எனக்குப் படவில்லை.

இன்னொன்று. தலபுராணம் இந்தக் கோயிலைக் கரிகாலன் கட்டியதாகச் சொன்னது. ஊரும் அப்படித்தான் நம்பியது. 1880களின் பிற்பகுதியில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் இதே கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் திரும்ப வெளியே வந்தது. அதற்காக யாரும் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. புராணம் சொன்னது தவறு என்று தெரிந்ததால் அந்த லிங்கத்தின் முன் நிற்கிறவனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

டிவி விவாதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரி 5 அன்று, 23 வருடம் கழித்துப் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. தமிழிலா சமஸ்கிருதத்திலா என்று அதற்கு முன் பல நாள் டிவியில் சண்டை. வழக்கு மதுரைக்குப் போய், இரண்டு மொழியிலும் நடத்தலாம் என்று உயர் நீதிமன்றக் கிளை சொன்னது. தமிழ் கருவறை வரைக்கும் ஒலிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி, இன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை. ஆனால் என் கட்சிக்காரர்கள் பேசியதையே கேட்டு உட்கார முடியவில்லை. ராஜராஜன் காலத்தில் இங்கே வடமொழியே கிடையாது என்றார் ஒருவர். தேவாரத்துக்கு இங்கே எப்போதும் இடமிருந்ததில்லை என்கிற மாதிரி பேசினார் எதிர்த்தரப்புக்காரர். திருப்பதியம், அதாவது தேவாரம், பாட 48 பிடாரர்களையும் (ஓதுவார்கள்), உடுக்கைக்கும் மத்தளத்துக்கும் இரண்டு பேரையும் ராஜராஜன் நியமித்தது கல்லில் இருக்கிறது. அந்தப் பாடகர்களில் பலருக்கு வடமொழியில் தீட்சைப் பெயர் இருந்ததும் அதே கல்லில் இருக்கிறது. ஸ்டூடியோவிலிருந்து யாராவது ஒருவர் அந்தச் சுவர் பக்கம் வந்து பார்த்திருந்தால் பாதிச் சண்டை முடிந்திருக்கும். இரண்டு முனையில் இரண்டு பேரை உட்காரவைத்துக் கத்தவிடுவது செலவில்லாத வேலை. ஒரு நிருபரைத் தஞ்சாவூருக்கு அனுப்பி, கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரைத் தேடிப்பிடிப்பதற்குப் பணமும் நேரமும் வேண்டும். அதனால்தான் எனக்கு இரவு விவாதங்கள் மீது நம்பிக்கை போனது. தவறு செய்தால் மறுநாள் திருத்தம் போடுகிற பத்திரிகை எதுவோ, அதை இன்னும் காசு கொடுத்து வாங்குகிறேன்.

நிழலும் பெருவிரலும் யாரையும் கொல்லவில்லையே, விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்தது தெரியுமா? குலதெய்வம் கும்பிடக் காரில் போன குடும்பம் அது. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பி ஊரே சேர்ந்து அடித்தது. 65 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். சாமி கும்பிடப் போன அம்மா. எங்கள் அப்பாயி வயசு.

அப்புறம் 2020 ஏப்ரல். டெல்லியில் தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமிய அமைப்பு நடத்திய கூட்டத்தை வைத்துக் கொரோனாவே ஒரு மதத்தார் வேலை என்று டிவியிலும் போனிலும் ஓடிய நாட்கள். பழத்தில் எச்சில் தடவுவதாகச் சொல்லி ஒரு வீடியோ எங்கள் குழுவுக்கும் வந்தது. நிழல் விழாது என்று அனுப்பிய அதே கைகள்தான் இதையும் அனுப்பின. பத்துப் பன்னிரண்டு வருடமாக எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் பழம் கொண்டுவரும் பாயை அந்த வாரம் இரண்டு வீட்டில் வாசலுக்கு வர வேண்டாம் என்று சொன்னார்கள். நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப்போய் எதுவும் சொல்லவில்லை. அந்த ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, தப்லீக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றும் ஊடகங்கள் பெரும் பிரச்சாரமே நடத்தின என்றும் எழுதியது. அதைப் படித்தபோது எனக்கு அந்தத் தள்ளுவண்டிதான் நினைவுக்கு வந்தது. பாய் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. கீழவாசல் பக்கம் ஒரு தடவை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நம்மைப் புகழ்கிற பொய்யை நிறுக்காமல் வாங்கிப் பழகிய கை, அடுத்தவரைப் பழிக்கிற பொய்யையும் அப்படியே வாங்கிவிடுகிறது. அதனால் எனக்குப் பிடித்த செய்தி வரும்போதுதான் இப்போது அதிகம் நிதானிக்கிறேன். யார் சொன்னது, பேர் இருக்கிறதா, எங்கே எப்போது எடுத்த படம், அந்த ஊரில் போன் செய்து கேட்க ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கிறேன். ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது என் போனோடு நிற்கும். உறவினர்களிடம் குழுவில் வைத்துச் சொல்லாதீர்கள், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். முடிந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அப்பா இப்போது வருகிற செய்தியைக் குழுவில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புகிறார். "இது சரியா பாரு" என்று ஒரு வரி. போன வாரம் வந்தது, பெரிய கோயில் உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பது. அது பல கற்களைச் சேர்த்துப் பொருத்தியது என்று ஆய்வாளர்கள் எழுதியிருப்பதைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். இதை நிழல் மாதிரி கீழே நின்று காட்டிவிட முடியாது. வரும் பிரதோஷத்துக்கு அவரும் வருகிறார், அப்போது உட்கார்ந்து பேச வேண்டும்.