2 லிட்டர் எஞ்சினில் 500 குதிரைத்திறன் வேண்டும், எந்த அளவு டர்போ போடலாம்?

எஞ்சின் அளவைச் சொல்லிவிட்டீர்கள், ஆசைப்படும் எண்ணையும் சொல்லிவிட்டீர்கள். வண்டியை எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று சொல்லவில்லை. நானே ஊகித்துக்கொள்கிறேன். மிட்சுபிஷி லான்சர் எவோவில் வரும் 4ஜி63 மாதிரி ஒரு நாலு சிலிண்டர் எஞ்சின், வார நாளில் வேலைக்கு, எப்போதாவது டிராக்குக்கு. யாரோ ஒரு நண்பர் ஜிடி3582ஆர் (சுருக்கமாக ஜிடி35) என்ற பெரிய டர்போ போட்டு 500 தாண்டிய டைனோ தாளை, அதாவது சக்தி அளக்கும் இயந்திரம் தந்த தாளைக் காட்டியிருப்பார்.

முதலில் கணக்கு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். ஆக, 7000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 7000 சுற்றில், 2 லிட்டர் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 7000 லிட்டர் காற்று. 95 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் 6650. பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தரும் அழுத்தம்) 20 பிஎஸ்ஐ, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தாண்டி வரும் காற்று 50 டிகிரி என்றால் நிமிடத்துக்கு அதன் எடை ஏறக்குறைய 17 கிலோ, அதாவது 38 பவுண்டு. ஒரு பவுண்டுக்குச் சுமார் 10 குதிரைத்திறன் என்பது பட்டறைக் கணக்கு. 380 வருகிறது. உங்கள் 500 வர வேண்டுமானால் அதே ஆர்பிஎம்மில் 30 பிஎஸ்ஐ பக்கம் போக வேண்டும். பம்பில் கிடைக்கிற 95, 97 பெட்ரோலில் அந்த அழுத்தம் வைத்தால் நாக் அடிக்கும், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாகவே வெடிக்கும். அதற்குப் பயந்து தீப்பொறி டைமிங்கைக் குறைத்தால் பூஸ்ட் ஏற்றியதே வீண். எத்தனால் அதிகம் கலந்த இ85 அல்லது ரேஸ் பெட்ரோல் தினமும் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு அந்த எண்ணைக் கேளுங்கள்.

மலேசியாவில், கிள்ளானில் பட்டறை வைத்திருக்கிறேன், அதனால் இந்தக் கேள்வி வந்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. எவோ 8 வைத்திருந்த ஒரு தம்பி வந்தார். "அண்ணே, ஜிடி35 போடுங்க, எல்லாரும் அதான் போடுறாங்க" என்றார். செப்பாங் ரேஸ் டிராக்கில் ஓட்டத்தான் என்றும் சொன்னார். அவர் வண்டியின் லாக்கை, அதாவது ஓட்டும்போது எஞ்சின் கணினி பதிவுசெய்த எண்களை, எடுத்துப் பார்த்தோம். ஒன்பதாம் வளைவிலும், இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளுக்கு நடுவில் இருக்கும் பதினைந்தாம் வளைவிலும் அவர் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் 4000 பக்கத்தில் நின்றது. 2 லிட்டரில் ஜிடி35 முழு பூஸ்டுக்கு வர 4500, 5000 ஆகிவிடும். அதைவிடச் சின்ன ஜிடி3071ஆர் என்றால் 4000க்குள் வந்துவிடும். மேலே கொஞ்சம் சக்தி குறையும், அது உண்மை. ஜிடி35 வேண்டுமானால் வேறு பட்டறை பாருங்கள் என்று நான் கறாராகச் சொன்ன பிறகு அரை மனதோடு ஒத்துக்கொண்டார்.

அவருடைய நண்பரிடம் அதே எவோ, ஜிடி35 போட்டது. டைனோவில் நண்பர் வண்டிதான் பெரிய எண். டிராக் நாளில் ஒவ்வொரு மெதுவான வளைவிலிருந்தும் நம் வண்டி முதலில் இழுத்துக்கொண்டு போனது. நேர்ப்பாதையின் கடைசியில் அவர் நெருங்கி வருவார், அதற்குள் அடுத்த பிரேக். சுற்று நேரம் நம்முடையதுதான் குறைவு. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அந்த லாக்கிலிருந்து எண்களை எடுத்து கம்ப்ரஸர் மேப்பில் (டர்போவின் காற்றழுத்தும் பகுதி எவ்வளவு காற்றை எவ்வளவு அழுத்தத்தில் தரும் என்று காட்டும் வரைபடம்) ஒவ்வொரு புள்ளியாக வைத்தது என் பட்டறைப் பையன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது என்று ஒதுக்கப்பட்டவன். அவன் அப்பா இன்றும் சொந்தக்காரர்களிடம் "மகன் வேலை தேடிக்கிட்டு இருக்கான்" என்றுதான் சொல்கிறார். நம் வீடுகளில் "ஒழுங்கா படிக்கலைன்னா பட்டறைக்குத்தான் போகணும்" என்பது ஒரு மிரட்டல். அழுத்த விகிதம், வெப்பநிலை, காற்றின் அடர்த்தி எல்லாம் கையில் கிரீஸோடு கணக்குப் போடுகிறவனைப் படிக்காதவன் என்கிறார்கள். சட்டையில் எண்ணெய் இருந்தால் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டும்.

நேர்கோட்டில் மட்டும் ஓடும் டிராக் (drag) ரேஸ்காரர்கள் என்மேல் பாய வேண்டாம். 402 மீட்டர் ஓட்டத்தில் எஞ்சின் கீழே இறங்குவதே இல்லை, அங்கே பெரிய டர்போதான் சரி. சின்னதே எப்போதும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. சின்ன கம்ப்ரஸரை அதன் மேப்பின் வலது ஓரத்துக்குத் துரத்தினால் அது காற்றை அழுத்துவதைவிடச் சூடாக்குவதுதான் அதிகம், நம் ஊர் 33 டிகிரி வெயிலில் இன்டர்கூலரும் கைவிட்டுவிடும். பெரியதில் ஆபத்து இடது பக்கம்: குறைந்த ஆர்பிஎம்மில் அதிக பூஸ்ட் கேட்டால் மேப்பின் சர்ஜ் கோட்டைத் தாண்டி, காற்று பின்னால் திரும்பிப் படபடக்கும், பேரிங் சீக்கிரம் போகும். டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை எவோவில் நாலு உலக ராலி பட்டம் வாங்கியபோது விதிப்படி டர்போ வாயில் காற்றைக் கட்டுப்படுத்தும் 34 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் இருந்தது. மேல் ஆர்பிஎம்மில் மூச்சு கிடையாது, நடு ஆர்பிஎம் இழுவையை வைத்துத்தான் ஜெயித்தார்கள்.

எக்ஸாஸ்ட் பக்கத்தையும், அதாவது புகை சுழற்றும் டர்பைன் பக்கத்தையும், மறக்காதீர்கள், நிறையப் பேர் கம்ப்ரஸரை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். ஜிடி3071ஆர் சேர்ந்த ஜிடி30 வரிசைக்கு 0.63, 0.82, 1.06 என்று ஏ/ஆர் ஹவுசிங் வரும். டர்பைன் உறையின் அளவைச் சொல்லும் எண் அது, சின்னதானால் பூஸ்ட் சீக்கிரம் வரும். 2 லிட்டருக்கு, வளைவுள்ள டிராக்குக்கு, நான் 0.63ல் தொடங்குவேன். மேலே மூச்சு முட்டினால் ஹவுசிங் மட்டும் மாற்றிக்கொள்ளலாம், டர்போ முழுதும் மாற்ற வேண்டியதில்லை. எவோவில் கம்பெனியே கொடுக்கும் இரட்டைப் பாதை ஹவுசிங் 1, 4 சிலிண்டர் புகையையும் 2, 3 சிலிண்டர் புகையையும் தனித்தனியாக டர்பைனுக்குக் கொண்டுபோகிறது. ஒற்றைப் பாதைக்கு மாறினால் பூஸ்ட் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், அதையும் கணக்கில் சேருங்கள்.

எந்த பெட்ரோல், எந்த டிராக், வளைவிலிருந்து வெளியே வரும்போது எத்தனை ஆர்பிஎம், இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். லாக் இருந்தால் இன்னும் நல்லது. பையனிடம் சொல்லி மேப்பில் புள்ளி வைத்துக் காட்டுகிறேன்.