பத்து மடங்கு ஏறிய விலை, ஏறாத மதிப்பு

கேள்வி: அமெரிக்காவில் 1964இல் 2,368 டாலருக்கு விற்ற ஃபோர்டு மஸ்டாங் கார், நல்ல நிலையில் இருந்தால் இப்போது 24,000 டாலருக்கு விலைபோகிறது என்று படித்தேன். பத்து மடங்கு! எங்கள் ஊரில் 1960களின் அம்பாசடர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பணி ஓய்வின்போது கிடைத்த பணத்தை வங்கியில் போடுவதைவிட இந்தக் காரில் போடுவது லாபம்தானே?
— வாசகர், கோவை

பதில்: லாபம் இல்லை. நீங்கள் காட்டும் கணக்கே அதற்குச் சாட்சி. 1964க்கும் 2024க்கும் இடையில் அமெரிக்காவின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஏறத்தாழப் பத்து மடங்காகியிருக்கிறது; அன்றைய 2,368 டாலருக்கு என்னென்ன வாங்க முடிந்ததோ அவற்றையெல்லாம் 2024இல் வாங்குவதற்குச் சுமார் 24,000 டாலர் தேவைப்பட்டது. அப்படியானால், நீங்கள் சொல்லும் விலைக்கு விற்ற மஸ்டாங் அறுபது ஆண்டுகளில் மதிப்பில் ஓர் அடிகூட முன்னேறவில்லை. கார் இருந்த இடத்திலேயே இருக்க, டாலர் பத்தில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கிறது. பத்து மடங்கு என்பது கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், ஆண்டுக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் கூட்டு வட்டியில் நூற்றுக்கு நான்குக்கும் குறைவுதான்.

இந்த மயக்கம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரு பொருளை வாங்கிய தொகை நம் நினைவில் அப்படியே தங்கிவிடுகிறது. ஆனால் அந்தத் தொகை அன்று எத்தனை மாத உழைப்புக்கு ஈடாக இருந்தது என்பது மறந்துபோகிறது. 1964இல் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் இடைநிலை ஆண்டு வருமானம், அதாவது பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் ஈட்டிய தொகை, சுமார் 6,600 டாலர். மஸ்டாங் வாங்க அந்தக் குடும்பம் நான்கு மாதத்துக்கும் மேற்பட்ட வருமானத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. 2023இல் அந்த வருமானம் ஒரு லட்சம் டாலர் அளவுக்கு வந்துவிட்டதால், 24,000 டாலர் என்பது மூன்று மாத வருமானத்துக்கும் சற்றுக் குறைவு. சம்பளத்தை அளவுகோலாகக் கொண்டால், அந்தப் பழைய கார் மலிந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

மதிப்பு உண்மையிலேயே ஏறிய கார்கள் இல்லாமல் இல்லை. 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ, புதிதாக இருந்தபோது அமெரிக்காவில் சுமார் 18,000 டாலர். 2018இல் கலிஃபோர்னியாவின் மான்டரே ஏலத்தில் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. பணவீக்கம் மட்டுமே அதன் விலையை ஏற்றியிருந்தால் 1,50,000 டாலரோடு நின்றிருக்கும். அதற்கு மேல் ஏறிய முந்நூறு மடங்குக்கும் அதிகமான விலைக்குக் காரணம், அதன் பந்தய வெற்றிகளும், கிடைப்பதற்கு அரிதாக இருப்பதும், அதை விரும்பும் பெரும் பணக்காரர்களின் எண்ணிக்கை பெருகியதும்தான். மஸ்டாங்கோ, அறிமுகமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் உற்பத்தியில் பத்து லட்சம் வண்டிகளைத் தாண்டிவிட்ட கார்.

அந்த ஃபெராரியிலும் எல்லோரும் லாபம் பார்த்துவிடவில்லை. 1988இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி மறைந்ததும், அப்போது ஜப்பானில் பெருகிக் கிடந்த பணமும் சேர்ந்து இத்தகைய கார்களின் விலையைத் தாறுமாறாக உயர்த்தின. 1989இல் ஒரு கோடி டாலரைத் தாண்டி விற்ற ஜிடிஓ, 1994இல் முப்பது லட்சத்துக்கும் கீழே விற்றது; அதே ஐந்து ஆண்டுகளில் பொது விலைவாசி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தும் இருந்தது. உச்சத்தில் வாங்கியவர் பல ஆண்டுகள் பொறுத்திருந்து, கொடுத்த தொகையை மீட்டுவிட்டேன் என்று நிம்மதி அடையலாம். ஆனால் அவர் கைக்குத் திரும்பியது பழைய எண் மட்டுமே. அந்த எண்ணின் வாங்கும் திறன் திரும்பி வராது. பணவீக்கம் செய்யும் தீங்குகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்: அது நட்டத்தை நட்டமாகத் தெரியவிடுவதில்லை.

நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோது விலை 47,500 ரூபாய். தொழிலாளர்களுக்கான விலைக் குறியீட்டெண் அன்றிலிருந்து 2024 இறுதிக்குள் சுமார் 17 மடங்கு உயர்ந்துள்ளது. ஆகவே அன்றைய 47,500 என்பது இப்போது எட்டு லட்சத்துக்குச் சமம். அன்று வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு எட்டு லட்சம் கொடுக்க ஆள் வந்தால்கூட, அவர் லாபமும் நட்டமும் இல்லாத இடத்தில்தான் நிற்பார். அதே நிறுவனத்தின் சிறிய காரைப் புத்தம் புதிதாகவே அதைவிடக் குறைந்த விலைக்கு இன்று வாங்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கார் தயாரிப்புக்கு அரசின் உரிமக் கட்டுப்பாடுகள் இருந்த அந்தக் காலத்தில் பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், உடனே வேண்டும் என்றவர்கள் மேற்கொண்டு பணம் கொடுத்து வாங்கினார்கள். ஆகவே, அன்றைய விலை என்று பெரியவர்கள் சொல்லும் தொகை பல நேரங்களில் உண்மையில் கைமாறிய தொகையே அன்று.

உங்கள் அம்பாசடர், அரை நூற்றாண்டுக்கும் மேல் பெரிய மாற்றம் இல்லாமல் லட்சக்கணக்கில் தயாரிக்கப்பட்டு 2014இல் நின்ற வண்டி. நேசிப்பவர்கள் அதற்கு ஏராளம். அரிய வண்டி என்று சொல்ல முடியாது. வங்கி வைப்பு வட்டி தரும். கார் உங்களிடம் ஷெட், இன்சூரன்ஸ், டிங்கரிங், பெயின்ட் என்று ஆண்டுதோறும் கேட்கும். அந்தக் கூலிகளும் விலைவாசியோடு சேர்ந்தே ஏறும். 2021ஆம் ஆண்டின் மத்திய விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்து அசல் வடிவில் உள்ள வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்துகொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை.

எனவே ஓய்வுக்காலப் பணத்தைத் தொடாதீர்கள். அந்த வண்டியின் மீது உங்களுக்கு உண்மையான ஆசை இருந்தால், செலவழித்துவிட்டதாக எழுதிவிடக்கூடிய வேறு பணத்தில் வாங்குங்கள். அந்தக் காலத்தில் எத்தனை ஆயிரத்துக்கு வாங்கியது என்று விற்பவர் சொல்வதை விலை பேசும்போது கணக்கில் சேர்க்க வேண்டாம். நம்பகமான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று, அடித்தட்டு துருப்பிடித்திருக்கிறதா, இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.